பன்னிரண்டு பேர் குளிக்க எவ்வளவு நேரம்?

கணக்குப் புத்தகம் எழுதியவர்களில் ஒருவர்கூடக் குற்றாலத்துக்கு வந்து குளித்ததில்லை என்பது என் திடமான கருத்து. வந்திருந்தால் அந்தத் தொட்டிக் கணக்கை எழுத மனம் வந்திருக்காது. ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்புமாம். இன்னொரு குழாய் அதை ஐந்து மணி நேரத்தில் காலி செய்யுமாம். இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும் என்று கேள்வி. திறந்துவிட்டவனை முதலில் நாலு சாத்து சாத்திவிட்டு அப்புறம் கணக்குப் போடலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா என் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அலைந்துகொண்டிருந்தார். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் என்றால் தெருவுக்கே இளக்காரம். சும்மாதானே இருக்கிறாள் என்று ஆளாளுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். நானும் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

கூட்டல் கழித்தலில் பிள்ளைகள் சூரப்புலிகள். அதையே வாக்கியத்தில் வைத்துக் கேட்டால்தான் வம்பு. ஒரு சுவரைப் பத்து நாளில் ஒருவன் கட்டினால் பத்துப் பேர் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டேன். கொத்தனார் மகன் ஒருவன் யோசிக்கவே இல்லை. "பத்து பேரு சேந்தா பேசிக்கிட்டே இருப்பாவக்கா. இருவது நாளாகும்" என்றான். அவன் அப்பா எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரை நாலு பேரோடு ஒன்றரை மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

நெல் கணக்கு இன்னும் மோசம். புத்தகத்தில் கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று இருக்கும். எங்கள் பக்கத்தில் கலமாவது ஒன்றாவது, எல்லாம் கோட்டைதான். கோட்டைக்கு இருபத்தோரு மரக்கால் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புத்தகக்காரர்களுக்குக் கோட்டை என்றால் மதிலும் அகழியும்தான் போலிருக்கிறது. இந்தச் சண்டை தீர்வதற்குள் லிட்டரும் கிலோவும் வந்து சேர்ந்து, எல்லோரையும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டன.

இந்தக் கூட்டத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். ஐந்தாம் வகுப்பு. மற்ற பாடங்களில் நன்றாகவே இருந்தாள். கணக்கில் மட்டும் ஒரு வியாதி இருந்தது. கேள்வியில் இரண்டு எண் கண்ணில் பட்டால் இரண்டையும் கூட்டுவாள். மூன்று பட்டால் மூன்றையும் கூட்டுவாள். ஆட்டிடையனின் வயதையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் கூட்டி, "எழுபத்திரண்டு ஆடுகள்" என்று கீழே கோடு போட்டு முடித்திருந்தாள். தன் வயதையும் ஆடுகளாக்கிவிட்டாளே என்று அந்த இடையன் அழுதிருப்பான்.

அவள் அப்பா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் மூன்று மாதமும் அவருக்குக் கை ஓயாது. சீசன் முடிந்தால் விறகு வெட்டுவார், கிடைத்த வேலைக்குப் போவார். இலத்தூரில் இருந்த அவர் தங்கைக்கு அப்போது மூன்றாவது பிரசவம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தாள். இவரும் மகளை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் அம்மாவோ மகளை ஆறாம் வகுப்புக்குத் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீருவேன் என்று நின்றாள். சோறு வைக்காமல் இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில் அவர், "சரி, கணக்குல பாஸு பண்ணுனா தென்காசிக்குப் போகட்டும். இல்லன்னா இலத்தூரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். மகளின் கணக்கு லட்சணம் தெரிந்துதான் அப்படி ஒரு பந்தயம் கட்டினார்.

அந்த அம்மா என்னிடம் வந்து, "எம்மா, இவ கணக்குல தேறலன்னா பிள்ள தூக்கியே காலம் போயிரும்" என்றாள். நானும் ஒரு வீட்டில் பிள்ளை தூக்கப் போகிறவள்தான் என்றாலும், எனக்கு அதற்கு முன் பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் கிடைத்திருந்தது.

அந்தப் பெண்ணுக்காக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னைவிடக் கெட்டிக்காரி குற்றாலத்தில் இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். "ஏட்டி, எண்ணைப் பாக்காத. கண்ணை மூடு. கணக்குல வாற ஆளு என்ன செய்தான்னு மனசுக்குள்ள பாரு. பாத்துட்டு எழுது" என்றேன். அவள் கண்ணை மூடினாள். ஆடு மேய்ப்பவன் வந்தான், அவன் வயது தனியாக நின்றது, ஆடுகள் தனியாக நின்றன. இரண்டு மாதத்தில் பத்துக்கு ஏழு கணக்கு சரியாக வந்தது. மாம்பழக்காரி, வண்டிக்காரன், வேலிக்குக் கம்பி வாங்குகிறவன் எல்லோரும் அவள் இமைக்குள் வந்துபோனார்கள்.

பரீட்சை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். முடிவு வந்தபோது கணக்கில் முப்பத்து நாலு. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும்.

நான் அவளை இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். விடைத்தாளைக் காட்டச் சொன்னேன். கண்ணை மூடி மூடிப் பார்த்ததில் நேரம் போய்ப் பாதிக்குமேல் தொடாமலே விட்டிருந்தாள்; தொட்ட கணக்கெல்லாம் சரி. இரண்டு மதிப்பெண் கணக்கு ஒன்றுக்குமட்டும் குறுக்கே பெரிய சிவப்புக் கோடு. கேள்வி இதுதான்: ஒருவர் குளிக்க ஐந்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு பேர் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "எல்லாரும் சேர்ந்து குளிப்பார்கள். விடை: 5 நிமிடம்."

"என்னட்டி இது?" என்றேன்.

"கண்ணை மூடிப் பாத்தேன்க்கா. அருவியில பொம்பளைங்க பக்கத்துல பன்னெண்டு பேரும் வரிசையா நிக்காவ. எல்லாரு தலையிலயும் ஒண்ணாத்தான விழுது."

"பெருக்கினா அறுபது வரும்னு தெரியாதா?"

"தெரியும். பதினோரு பேரு எதுக்கு சும்மா நிக்கணும்?"

எனக்கு முகம் எரிந்தது. அவள் தப்பே செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், இந்த ஒரு கணக்கையாவது பேசாமல் பெருக்கிக் கடந்திருப்பாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்ட என் கன்னத்திலேயே ஓர் அறை விடவேண்டும் என்று இருந்தது.

வாத்தியாரிடம் மன்றாடினேன். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். "விடை அறுவது. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றார். புத்தகம் எழுதினவர் குளித்திருப்பாரா என்று நான் கேட்டேன். அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி. "கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று விடைத்தாளை என் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

சேதியை அவள் வீட்டில் நான்தான் சொன்னேன். அவள் அப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாரியை நிறுத்தாமலே, "சரி, புதன்கிழமை இலத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவருக்குப் புரியும் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை. யாரிடமாவது கொட்டவேண்டும் போல இருந்தது. அந்தக் கணக்கை உரக்க வாசித்தேன். மகள் எழுதிய விடையையும் வாத்தியார் சொன்ன விடையையும் சொன்னேன்.

கோடாரி நின்றது.

"பன்னெண்டு பேருக்கு ஒரு மணி நேரமா? யாரு சொன்னா?"

"சார்தான் அண்ணாச்சி."

"ஆடி மாசம் ஐநூறு பேரு நிக்கான் அருவியில. ஒருத்தன் ஒருத்தனா குளிச்சா சீசன் முடிஞ்சு கார்த்திகை வந்துரும். பின்ன நான் யாருக்கு எண்ணெ தேய்க்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவரைப் பிடிக்க நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஓடினோம். அவருக்கு வந்த கோபம் மகளுக்காக வந்தது இல்லை, சத்தியமாக இல்லை. அருவியை யாரோ ஒற்றைக் குழாய் என்று சொல்லிவிட்ட கோபம் அது.

வாத்தியார் சாய்வு நாற்காலியில் இருந்தார். இவர் வாசலில் நின்றபடியே அதையே அவரிடமும் கேட்டார். வாத்தியாரும் லேசுப்பட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, "இப்ப போய் அருவியைப் பாரும்வே. சித்திரை மாசம். தண்ணி கயிறு கணக்கா விழுது. ஒரு ஆளு தலைய நனைச்சா அடுத்த ஆளுக்கு இல்ல. ஒவ்வொருத்தரா குளிச்சா ஒரு மணி நேரந்தான?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது உண்மை. அந்த வாரம் அருவி அப்படித்தான் இருந்தது. எண்ணெய்க்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். அவருக்கும் அது உண்மை என்று தெரியும். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்தக் கேள்விய இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன்.

"அதுல மாசம் போட்டிருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"எந்த எடத்துல குளிக்காவன்னு போட்டிருக்கா?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்ன சார்? எம் மவ ஆடி மாசத்துல குளிச்சிட்டுப் போறா. நீங்க சித்திரையில குளிங்க."

உள்ளேயிருந்து வாத்தியார் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. வாத்தியார் சிறிது நேரம் முகத்தை உம்மென்று வைத்துப் பார்த்தார், முடியவில்லை. என்னிடமிருந்து விடைத்தாளை வாங்கிச் சிவப்புக் கோட்டை அடித்தார். பக்கத்தில் இரண்டு போட்டார். முப்பத்து நாலை வெட்டி முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "பாஸு" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அழ வேண்டிய பிள்ளை அழவில்லை, தாளைக் கையில் வாங்கி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது அவள் அப்பா தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "நம்ம அருவியப் பத்தி எனக்கே சொல்லுதாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதித் தெரு தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டார்.

"பாஸுன்னா சொன்னாரு?"

"ஆமா அண்ணாச்சி. தென்காசிக்குப் போகலாம்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ, தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றார்.

"பாஸாக்கினது நீங்கதான. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி. வழி முழுக்க அவள் பேசிய ஒரே பேச்சு அது.

அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாதாட இன்னொரு வழி கிடைக்குமா என்று தேடினார். பிறகு மகளிடம், "ஏட்டி, தென்காசி பள்ளிக்கூடம் எம்புட்டுத் தூரம் தெரியுமா? பஸ்ஸுக்கெல்லாம் நான் தரமாட்டேன். நடக்கணும். எவ்வளவு நேரம் ஆகும்னு நெனைச்சுப் பாத்தியா?" என்றார்.

"ஒண்ணேகால் மணி நேரம்ப்பா" என்றாள் அவள். "போன மாசமே ரெண்டு தடவ நடந்து பாத்துட்டேன்."