நெல்டா வீட்டில் எத்தனை வேளைக் கறவை

நெல்டா கேகல் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஓர் ஓடை மட்டும்தான். பெருமழையில் ஓடை பொங்கிச் சாலையை மூடிவிடும். அந்த நாட்களைத் தவிர மற்றபடி அவள் வீட்டு ஆட்டுப்பாலைத்தான் நாங்கள் குடித்தோம். என் கணவர் இறந்த பிறகு பாட்டில் சிறியதானதே தவிர பால் நிற்கவில்லை.

நெல்டா குள்ளம். வாய் மட்டும் நீளம். அவள் கணவர் டெல்மர் அதற்கு நேரெதிர். தெற்கு மிசௌரியின் இந்தக் குன்றுகளில் ஓக் மரம் அறுக்கிற ஆலையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் இருந்து இருந்தே பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று நெல்டா சொல்வாள். பேசாத மனுஷன்தான். ஆனால் ஆடுகள் விஷயத்தில் அவர் சொல்வதே சட்டம். காலை ஐந்து மணிக்குக் கறவை, மாலை ஐந்து மணிக்குக் கறவை. காலையில் அவர், மாலையில் நெல்டா. ஒரு வேளை தவறினாலும் மடி கெட்டுவிடும், பால் சுருங்கிவிடும் என்பார்.

"ராத்திரி குட்டிங்களப் பிரிச்சு அடைச்சுட்டு, காலைல ஒரு வேளை மட்டும் கறக்கிறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க டெல்மர். பகல்ல குட்டி குடிச்சுக்குது. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் செய்றாங்க" என்று நெல்டா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஊர்ல பாதிப் பேரு பல்லுகூடத்தான் தேய்க்கிறதில்ல" என்பார் டெல்மர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால் அவர்கள் சேர்ந்து வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஒரே மகள் ரோண்டாவின் கல்யாணத்தன்று, கேக் வெட்டுவதற்கு முன்பே நெல்டா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மணப்பெண் உடையில் ரோண்டா சர்ச் வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "போம்மா, போ. அதுங்கதானே நீ பெத்ததுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். நெல்டா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். புருஷனோடு டல்சா நகரத்துக்குக் குடிபோன ரோண்டா பிறகு கிறிஸ்துமஸுக்குத்தான் வருவாள்.

டெல்மருக்கு மறதி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு நாள் தீவனக் கடை வாசலில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தார். இன்னொரு நாள் என் வீட்டுக் கதவைத் தட்டி, செத்துப்போன என் கணவரை மீன் பிடிக்கக் கூப்பிட்டார். அடுத்த வசந்தத்தில் டவுன் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அதற்குள் அவர் நெல்டாவையே "அம்மணி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "நீங்க ரொம்ப நல்லா சமைக்கிறீங்க அம்மணி. என் பொண்டாட்டி எப்ப வருவா?" என்று சாப்பாட்டு மேசையில் மரியாதையாகக் கேட்பார்.

ஆடுகள் குட்டி போட்டிருந்த நேரம் அது. டோவி, பிஸ்கட், சாடி என்று மூன்று கறவை ஆடுகள். ஒரு நாள் பால் பாட்டிலோடு வந்த நெல்டா என் சமையலறையில் உட்கார்ந்து, "இனிமே ஒரு வேளைதான் வான்டா. முடிவு பண்ணிட்டேன். வேணாம்னு சொல்ல ஆளில்ல" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். "அவனுக்குப் புத்தி போனதுல எனக்கு ஒரு நல்லதாவது நடக்கட்டுமே" என்று சொன்னவள் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அதை அவள் முறையாகத்தான் செய்தாள். தானியத்தைக் குறைத்தாள். மாலைக் கறவையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை மடியிலேயே விட்டுவைத்து, கடைசியில் அதை நிறுத்தினாள். சில நாள் மடி இறுகி ஆடுகள் வேலியோரம் நின்று கத்தின. பிறகு அடங்கிவிட்டன. பால் குறைந்தது, ஆனால் அவர்களுக்கும் எனக்கும் தாராளமாகப் போதும். அந்த வாரம் சர்ச்சில் நடந்த விருந்தில் நெல்டா முதல் தடவையாகக் கடைசிவரை இருந்தாள். டெல்மரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பாத்திரமெல்லாம் கழுவித் துடைத்து அடுக்கிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் மாலை நெல்டா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தபோது, கொட்டிலுக்குள் வாளியில் பால் பீய்ச்சும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். டோவியைக் கறவை மேடையில் ஏற்றி, அதன் விலாவில் நெற்றியைச் சாய்த்தபடி டெல்மர் கறந்துகொண்டிருந்தார். கை சீராக ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்காமலே சொன்னார்:

"நெல்டா, இவளுக்கு இடது காம்புல பால் மெதுவாத்தான் இறங்குது. காலைல நீ அவசரப்பட்டியா?"

அவர் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டு அவளுக்கு எத்தனையோ காலமாகியிருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, "இல்ல டெல்மர், நிதானமாத்தான் கறந்தேன்" என்றாள்.

மறுபடியும் இரண்டு வேளை ஆயிற்று. ஆனால் அதோடு நிற்கவில்லை. கறந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். கொஞ்ச நேரத்தில், "இன்னும் கறக்கலையே" என்று எழுந்து போவார். கறக்கக் கறக்கச் சுரப்பதுதானே மடி. நாலு வேளை, ஐந்து வேளை என்று கோடையில் கணக்கே இல்லாமல் போயிற்று. ஆடு மேடை ஏறும்போதெல்லாம் தானியம் வைத்தால் வயிறு உப்பிவிடும் என்று, நறுக்கிய காய்ந்த புல்லைத் தட்டில் நிரப்பிவைத்தாள் நெல்டா.

"ஏண்டி, ஒரு வேளைன்னு சொன்னே. இப்ப பொழுதன்னிக்கும் கறவையா?" என்று நான் கேலியாகத்தான் கேட்டேன்.

"அங்க உக்காந்தாத்தான் நான் யாருன்னு அவனுக்குத் தெரியுது" என்றாள் நெல்டா. "வீட்டுக்குள்ள வந்தா நான் வேலைக்காரி. நீயா இருந்தா எத்தனை வேளை கறக்க விடுவே, சொல்லு."



கொட்டிலில் டெல்மர் பேசினார். ஆயுள் முழுக்கப் பேசாததையெல்லாம் பேசினார். ஆலையில் விரல் போனவர்களைப் பற்றி, முதன்முதலில் நெல்டாவைப் பார்த்த ஆற்றங்கரையைப் பற்றி, அன்றைக்கு அவள் காலில் போட்டிருந்த பெரிய செருப்பைப் பற்றி. "உங்க அண்ணன் செருப்புதானே அது?" என்று கேட்டாராம். "ஆமா. எனக்குன்னு செருப்பு ஏது?" என்று நெல்டா சொன்னாளாம். ஒரு நாள் திடீரென்று, "ரோண்டா கல்யாணத்துல கேக்கு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நான் எங்க சாப்பிட்டேன்? கறக்கணும்னு வந்துட்டேனே."

அவர் கை நின்றது. "அன்னிக்கு ஒரு வேளை விட்டிருக்கலாம்" என்றார். பிறகு மறுபடி கறக்கத் தொடங்கினார். இதை என்னிடம் சொல்லும்போது நெல்டா அழவில்லை.

இலை உதிரும் காலத்தில் டோவியின் காம்புகள் வெடித்தன. நெல்டா களிம்பு தடவினாள். தடவிய கை எடுப்பதற்குள் டெல்மர் அடுத்த கறவைக்கு வந்து உட்கார்ந்தார். பிறகு பால் திரிந்து திரி திரியாக வந்தது. வலதுபக்க மடி கல்லாக இறுகி அனலாகக் கொதித்தது. டோவி தீனி எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நெல்டா கால்நடை டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் மடியைத் தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாரு இத்தனை தடவ கறக்கிறது? கறந்த பிறகு காம்போட வாய் மூடவே நேரமாகும். அதுக்குள்ள மறுபடி கறந்து, அது சாணியிலயும் சேத்துலயும் படுத்தா வேற என்ன ஆகும்?"

"நான்தான் கறந்தேன்" என்றாள் நெல்டா.

"இவ்வளவு வருஷமா ஆடு வெச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

டாக்டர் ஊசி போட்டார். உயிர் பிழைக்கும், அந்தப் பக்கத்து மடி இனி உதவாது என்றார். மூன்று ஆடுகளுக்கும் பாலை வற்றவைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் நெல்டா என் வீட்டுக்கு வந்தாள். காப்பி ஆறி ஏடு கட்டும்வரை தொடவில்லை. "காம்பத் தொட்டாலே டோவி கத்துவா வான்டா. ஆனாலும் உதைக்கல. அவன் கைங்கிறதால நின்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவன் எங்கம்மா செஞ்ச சோளரொட்டியப் பத்திச் சொல்லிட்டிருந்தான். சொல்லி முடிக்கட்டும்னு பாத்துட்டே நின்னேன்" என்றாள்.

மறுநாள் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டாள். டெல்மர் ஆலங்கட்டி மழையில் நனைந்துகொண்டு கதவை இடித்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது. நெல்டா டல்சாவுக்குப் போன் செய்தாள். மகளிடம் அவள் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

ரோண்டா அன்றே வந்துவிட்டாள். கறக்கணும் என்று அப்பா எழும்போதெல்லாம் அவரை வண்டியில் ஏற்றிக் குன்றுப் பாதைகளில் சுற்றிக் காட்டிவிட்டு வருவாள். பெட்ரோல் போடுகிறவன்கூட, "ஏம்மா, இந்த ரோட்ட இன்னும் அளந்து முடிக்கலையா?" என்று கேட்டானாம். தாயும் மகளும் சண்டை போடாமலும் இல்லை.

"வித்துத் தொலைச்சிடும்மா. இந்த ஆட்டுங்களால நீ என்ன சுகத்தக் கண்டே?"

"இந்த வருஷம் கண்டேன்" என்றாள் நெல்டா. ரோண்டாவுக்கு அது புரியவில்லை. நெல்டாவும் விளக்கவில்லை.

பனி விழும் நாட்களில் மூன்று மடிகளும் வற்றிச் சுருங்கின. ரோண்டா ஊருக்குத் திரும்பிய பிறகு நெல்டா பூட்டை எடுத்துவிட்டாள். வெறுமனே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தாள். டெல்மர் வந்தார். பிஸ்கட்டை மேடையில் ஏற்றி, விலாவில் நெற்றியைச் சாய்த்து, காம்பைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். வாளிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"யாரோ முன்னாடியே கறந்துட்டாங்க. நீங்கதானா அம்மணி? இருங்க, என் பொண்டாட்டி வரட்டும், சொல்றேன்."

"நான்தான் டெல்மர். நெல்டா."

"அவ திருடமாட்டா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு சில நாள் போய்ப் போய்ப் பார்த்தார். ஒரு நாள் போகவில்லை; பிறகு போகவே இல்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர் அங்கேயே இருந்தார். ஐஸ் மழையில் மின்சாரம் போன வாரத்தில் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசியில் யார் பெயரையும் சொல்லவில்லை. அடக்கத்தன்று ரோண்டா அம்மாவின் தோளில் கை போட்டபடி நின்றாள். நெல்டா அந்தக் கையைத் தட்டிவிடவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை.

வசந்தத்தில் மூன்றும் குட்டி போட்டன. நான் வழக்கம்போலக் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். குட்டிகள் தாய்களோடு மேய்ச்சலில் துள்ளிக்கொண்டிருந்தன. கறவை மேடையில் தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இந்த வருஷம் எத்தனை வேளை நெல்டா?"

"கறக்கல."

"ஒரு வேளைகூடவா?"

"குட்டிங்க குடிக்கட்டும். உனக்குக் கடைப்பால் ஆகாதா என்ன?" என்றாள். வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பிறகு, "கோவிச்சுக்காதே. காம்புல கை வெச்சா யாரோ பேசப்போற மாதிரியே இருக்கு. யாரும் பேசறதில்ல" என்றாள்.

கோடையில் பிஸ்கட்டையும் சாடியையும் குட்டிகளோடு பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்று ஓட்டிக்கொண்டு போயிற்று. ஒற்றை மடி ஆட்டை வாங்க ஆள் வரவில்லை. நெல்டாவும் யாரையும் தேடவில்லை. டோவியின் இரண்டு குட்டிகளில் ஒன்று பால் பற்றாமல் மெலிந்தது. அதற்குப் பாட்டிலில் கடைப்பால் கொடுத்து வளர்க்கிறாள். ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால், மத்தியான வெயிலில் அவள் படியில் உட்கார்ந்திருப்பதும், குட்டி பாட்டிலை முட்டி முட்டிக் குடிப்பதும் தெரியும். கையசைத்தால் சில நாள் திருப்பி அசைப்பாள்.