உம்மாவின் மோமோவும் ஊரின் குர்பான் இறைச்சியும்

எங்கள் ஊரில் ஆளுக்கொரு குடி உண்டு. உம்மாவின் வழியில் வரும் சொந்தக்கூட்டம்தான் குடி. என் உம்மா வந்ததோ காத்மாண்டுவிலிருந்து. துணி வியாபாரத்துக்குப் போன வாப்பா, அங்கே ஒரு திபெத்து முஸ்லிம் குடும்பத்தில் கலியாணம் முடித்து, எழுபதுகளின் கடைசியில் இலங்கையில் எங்கள் ஊரான கல்முனைக்குத் திரும்பினார். பெண் வீட்டோடு போய் மாப்பிள்ளையாக இருக்க வேண்டியவர், வீடும் இல்லாத, வளவும் இல்லாத பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரால் இதை எப்படித் தாங்க முடியும்?

ஹஜ்ஜுப் பெருநாளன்று பலி கொடுத்த மாட்டின் குர்பான் இறைச்சியைக் குடிவாரியாகப் பங்கிடுவார்கள். எங்கள் வாசலுக்கு மட்டும் வராது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லையாம். எங்களை எந்தக் குடியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லையாம். எவ்வளவு நல்ல மனம்! உம்மா ஒவ்வொரு பெருநாளும் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாப்பாவின் துணிக்கடை படுத்ததும், அதே அறையில் உம்மா மோமோக் கடை போட்டார். கோதுமை மாவைத் தட்டி, கொத்திய மாட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்து, மடிப்பு மடிப்பாக மூடி ஆவியில் அவிப்பார். ஊர் அதற்கு உடனே ‘இறைச்சிக் கொழுக்கட்டை’ என்று பெயர் வைத்தது. தின்ன மட்டும் வரவில்லை. மூடிய மாவுக்குள் என்ன இறைச்சியோ, யார் அறுத்ததோ! உம்மா ஐந்து வேளையும் தொழுவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சின்னக் கண்ணுள்ளவள் தொழுதால் செல்லுமா என்று ஊருக்குச் சந்தேகம்.

வழி கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு மாமி. சந்தையில் தானே வாங்கிய இறைச்சியோடு வந்தார்.

“இது எங்கட இறைச்சி. இத மட்டும் வெச்சி அவிச்சித் தாங்க தங்கச்சி. வேற ஒண்டும் கலந்திராதீங்க.”

அதன்பிறகு பையும் இறைச்சியுமாக ஊரே வந்தது. ஒரு றாத்தல் இறைச்சிக்கு இருபது மோமோ. உம்மா ஒருநாளும் குறைத்ததில்லை. அந்த அழகான மடிப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய், சோற்றுக் குழம்பான ஆணத்தை ஊற்றிப் பிசைந்து தின்றார்கள்.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் கடைவாசலில் குர்பான் இறைச்சி வந்து குவிந்தது. உம்மாவின் முகம் மலர்ந்தது. நானும் ஒரு நிமிடம் ஏமாந்துபோனேன்.

“அஸர் தொழுகைக்கு முந்தி அவிச்சி வைங்க,” என்றார் மாமி.

அத்தனையும் அவிக்க வந்த இறைச்சி. எங்களுக்கென்று ஒரு துண்டும் இல்லை.

உம்மா மாவைப் பிசையத் தொடங்கினார். பகல் முழுக்க மடித்தார், அவித்தார். பின்னேரம் மாமி தன் தட்டை வாங்கி எண்ணிப் பார்த்தார்.

“இருபது இருக்கணுமே. பத்தொன்பதுதான் கிடக்கு?”

உம்மா எங்கள் சட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். வீட்டுக்கு ஒன்றாக எடுத்து வைத்த மோமோக்களால் சட்டி நிறைந்திருந்தது.

“ஓம் ராத்தா,” என்றார் உம்மா, தட்டுத்தடுமாறும் தமிழில். “மத்தது எங்கட பங்கு. எல்லாக் குடியிலயும் எடுத்தன்.”

மாமி இன்னொரு முறை எண்ணாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று எங்கள் வீட்டில் முதல் முறையாகக் குர்பான் இறைச்சி தின்றோம், ஆணம் ஊற்றாமல்.