தீப்பெட்டியை வாசலில் வாங்கி வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. "நாச்சிமுத்து சார் தவறிப் போயிட்டாருங்க. மாரடைப்புங்க." காரமடைக்குப் பஸ் ஏறும்போது அழுகையைவிட எரிச்சல்தான் எனக்கு அதிகமாக இருந்தது. அவர் மேலல்ல, என் மேல்.

நானும் நாச்சிமுத்து சாரும் சேர்ந்து வயர்மேன்களுக்குப் பயிற்சி நடத்தினோம். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடந்து வெறுத்துப்போன கோவைக் குடும்பங்கள் கரண்ட் அடுப்பு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கேற்ற வயரிங்தான் பாதி வீடுகளில் இல்லை. காலனிச் சங்கத்தார் கேட்டதால், அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு தொடங்கியது. அவர் பாடம் எடுப்பார்; சான்றிதழ், பதிவேடு எல்லாம் என் பொறுப்பு.

முதல் நாளே வாசலில் நின்று எல்லோருடைய தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டார். பிளக் போடாமல் வெறும் வயரைச் சுவர் பிளக் பாயிண்ட் ஓட்டையில் சொருகி, தீக்குச்சியால் இறுக்குவது நம்மூர் வயர்மேன்களின் கைப்பழக்கம். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் வயர் சும்மா தொங்கும். பீடிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "கேஸே போகப்போகுது, அப்புறம் தீப்பெட்டிக்கு ஊட்டுல என்னங்க வேலை?" என்றார் சார்.

அவர் வைக்கும் தேர்வு இன்னும் கடுமை. வேலை முடிந்து டெஸ்டரில் பார்த்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்று, சுவிட்ச் போட்ட அடுப்பைத் தொட வேண்டும். வகுப்புக்கு வந்த அன்னூர் சுப்பிரமணி ஒரு வீட்டில் தொட மறுத்தார். "நீங்களே தொட மாட்டீங்கன்னா, அந்தம்மா மட்டும் எப்படிங்க தொடுவாங்க?" என்று கேட்ட சார், அவர் தேறவில்லை என்று எழுதிவிட்டார்.

சங்கத்தாரோ ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று என் உயிரை எடுத்தார்கள். சாருக்குத் தெரியாமல் சுப்பிரமணிக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். தெரிந்தபோது அவர் சத்தம் போடவில்லை. "அந்த ஊட்டு அம்மணி பேரு என்னங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே போய் அந்த வீட்டு எர்த்தைச் சரிசெய்தார். அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

காரமடை வீட்டில் அவரைச் சுற்றி ஐஸ் பாளங்கள் வைத்திருந்தார்கள். கரைந்த தண்ணீர் தரையெல்லாம் பரவியிருந்தது. தலைமாட்டில் ஓர் இரும்பு ஃபேன். அதைத் திருப்பி வைக்க அவருடைய மனைவி வெறுங்காலோடு எழுந்தார். எதற்கோ என் கண் சுவருக்குப் போனது. இரண்டு வயர், இரண்டு தீக்குச்சி.

"தொடாதீங்கக்கா!" என்று கத்திவிட்டேன். ஒப்பாரி நின்றது.

மாட்டியவர் சுப்பிரமணி. செய்தி கேட்டு முதல் ஆளாக ஓடி வந்தவர். "சாய்ங்காலம் வரைக்குந்தானுங்க..." என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவருடைய சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. என்ன சொல்லித் திட்டுவது?

சுவிட்சை அணைத்தேன். மூன்று முள் பிளக் வாங்கி வரச்சொல்லி, எர்த்தோடு மாட்டவைத்து, டெஸ்டரில் பார்த்தேன். பிறகு ஐஸ் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று, ஓடுகிற ஃபேனை நானே தொட்டேன். அடுத்து சுப்பிரமணி தொட்டார்.

சார், அந்த வீட்டு அம்மணியின் பெயரை நான் இன்றுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. இந்த வீட்டு அம்மணியின் பெயர் பழனியம்மாள். தொட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் போய் வாருங்கள்.