செத்தவன் ஒருமுறை சிரிக்க வேண்டும்

மஞ்சக்குட்டைக்குப் போகும் சாலையில் இரண்டு வளைவுகள் இறங்கிய பிறகுதான் கையுறைகளைக் கழற்றாமல் வந்துவிட்டது தெரிந்தது. பச்சை ரப்பர், ஒவ்வொரு கையிலும் ஆறு விரல். எதிரே விறகுக்கட்டோடு வந்த இரண்டு பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று, நான் கடந்த பிறகே நடந்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அவர்களை அல்ல, தலைச்சோலைப் பக்கமிருந்து யாராவது பைக்கில் என்னைத் தேடி வருகிறார்களா என்று.

ஏற்காட்டு மலையில், தலைச்சோலை ஊரை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. போனில் பார்க்கிற தொடர். வானத்திலிருந்து வந்தவர்கள் இந்த மலையில் இறங்கிச் சண்டை போடுகிற கதை. அதில் வேற்றுக்கிரக வீரன் நான்.

எட்டாவது வரை படித்தவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூர்ப் பக்கம் செங்கல் சூளை, கோயம்புத்தூரில் ஒரு சினிமா யூனிட்டுக்கு லைட் தூக்குவது என்று எங்கேயும் எட்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறைகளுக்கு வெந்நீர் சுமந்துகொண்டிருந்தபோது படக்குழு அங்கே வந்து தங்கியது. கையில் இரண்டு வாளியோடு நான் மேடு ஏறுவதைப் பார்த்த டைரக்டர், “இந்த நடைதான் வேணும்” என்றார். முகம் தேவைப்படவில்லை. இரண்டாம் பாகம் முடிகிறவரை வீரன் இருப்பான், இரண்டு வருடத்துக்கு வேறு வேலை தேட வேண்டாம் என்றும் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இடத்தில் நிற்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. சந்தேகமும் அன்றைக்கே வந்தது.

வீரனுக்கு வசனம் கிடையாது. உறுமல் மட்டும்தான், அதையும் சென்னையில் வேறொருவர் கொடுத்தார். வசனம் இல்லாதவனுக்கு எதற்குக் காகிதம் என்று எனக்குக் கதையைக் கொடுக்கவில்லை. வீரனின் வாழ்க்கையை நானாகப் பொறுக்கிச் சேர்த்தேன். அவன் பிறந்த கிரகத்தில் மழை கிடையாது. தலைவன் சொன்ன ஒருவனைக் கொல்ல மறுத்ததால் கூட்டம் அவனை விரட்டியது. நின்றபடியே தூங்குவான். இந்த மலைக்கு வந்துதான் முதல்முறை மழையில் நனைந்தான். அந்தக் காட்சிக்குத் தண்ணீர் லாரி வந்தது, இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். இதெல்லாம் வரிசையாக நடக்கவில்லை. கூட்டம் அவனை விரட்டியதை முதலில் எடுத்தார்கள், பிறந்ததைப் பொங்கலுக்குப் பிறகு எடுத்தார்கள். எனவே அவன் கதை எப்போது முடியும் என்று எனக்குத் தெரிய வழியே இல்லை.

உடை தைக்கிற அம்மாள் சேலத்துக்காரர். நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். உடையில் எங்கே கிழிந்தாலும் அன்றைக்கே ஒட்டுப் போட்டுவிடுவார். கடைசி வாரத்தில் முதுகுப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. அவர் ஊக்கைக் குத்திவிட்டுப் போய்விட்டார்.

“தைக்கலீங்களா?” என்றேன்.

“இது போதுமுங்கண்ணா” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரத்தில் என்னைவிட உயரமான ஒரு ஆள் வந்து சேர்ந்தார். புரொடக்‌ஷன் மேனேஜர் எனக்கு மட்டும் மத்தியானத்தில் இரண்டாவது ஆம்லெட் வைக்கச் சொன்னார். அவர் யாருக்கும் சும்மா ஆம்லெட் வைக்கிறவர் அல்ல. என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது, அவருக்குப் புது உடை தைக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். நான்கு நாள் அந்த உயரமான ஆளைக் கண்காணித்தேன். சாப்பிடும்போதுகூட வீரனின் ரப்பர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவர் ஒரு பெட்டியைத் திறந்து டிரோனை எடுத்துப் பறக்கவிட்டார். அவர் வந்தது அதற்குத்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் மறுநாள் ஏமாந்தேன்.

சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்தார்கள். “காயம்தான், அடுத்த எபிசோடுல எழுந்துருவான்” என்றார் டைரக்டர். நெஞ்சில் நீல ரத்தம் ஊற்றினார்கள். அசையாமல் கிடந்தேன். கட் சொன்னார்கள். உதவி டைரக்டர் வந்து குனிந்து, “அண்ணா, தலையக் கழட்டிட்டு கேமராவப் பாத்து ஒருக்கா சிரிச்சிருங்க” என்றார்.

கோயம்புத்தூரில் லைட் தூக்கியபோது இதைப் பார்த்திருக்கிறேன். படத்தில் ஒருவர் செத்தால், எடுத்து முடித்ததும் அவரை எழுப்பிக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்வார்கள். சிரிக்காவிட்டால் அவருக்கு ஆகாது என்பார்கள். காயம் பட்டவனை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை.

எழுந்தேன். தலையையும் உடையையும் கழற்றித் தரையில் வைத்தேன். நடந்தேன்.

மஞ்சக்குட்டை டீக்கடையில் உட்கார்ந்து ஒரு கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேனேஜரின் பைக் வந்து நின்றது.

“ஏனுங்க, இப்படிச் சொல்லாம வந்துட்டா எப்படிங்க? கேமராமேன் லென்ஸு மூடிய மாட்டிட்டு உக்காந்துட்டாருங்க. நீங்க சிரிக்காம அடுத்த ஷாட்டு வெக்க மாட்டாராம்.”

“செத்துட்டானா, காயமா? அதச் சொல்லுங்க.”

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். “செத்துட்டானுங்க. ரப்பர் மூஞ்சிக்காரன் போதும்னு மேல சொல்லிட்டாங்க. உங்ககிட்ட முன்னாடியே சொன்னா நடை போயிரும்னு டைரக்டர் சொல்ல வேண்டாம்னாரு.”

“எழுப்ப முடியாதுங்களா?”

அவர் தள்ளிப் போய் போனில் பேசிவிட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. “சரீன்னுட்டாருங்க. வெரலு ஒண்ணு அசையற மாதிரி ஒரு ஷாட்டு எடுத்துக்கலாம். வீரன் உசுரோடதான் இருக்கான். வாங்க, ஏறுங்க.”

நான் எழுந்துவிட்டேன். பைக்கில் கைவைத்த பிறகுதான் கேட்டேன்: “அப்ப சிரிக்க வேண்டாமுங்களே?”

“அதையும் எடுத்துருவோமுங்க. எதுக்கும் இருக்கட்டும்.”

விரல் அசைந்தால் அவன் சாகவில்லை. சாகாதவனுக்குச் சிரிப்பு எதற்கு? இரண்டையும் கேட்கிறவர்கள் எதை வைத்துக்கொண்டு எதை வெட்டுவார்கள் என்று சொல்ல எட்டாம் வகுப்புப் படிப்பே போதும். பைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

“வெரலு வேண்டாமுங்க. சிரிப்ப உங்க போன்லயே எடுத்துக்குங்க.”

அவர் எடுத்தார். நான் சிரித்தேன். கேமராமேனுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது: பல் தெரிய வேண்டும்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, இது சிரிப்புங்களா? பேதி மருந்து குடிச்ச மாதிரி இருக்குதுங்க.”

மேனேஜர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டார். அந்தத் தொடருக்காக என் முகம் பதிவானது அன்று மட்டும்தான். கையுறைகளை வாங்கிக்கொண்டு, விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். என் சிரிப்புக்காக அங்கே நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

“மொளகு பறிக்க ஏணி ஏறுவீங்களா?” என்றார் கடைக்கார அம்மாள். “இங்க ஒரு எஸ்டேட்டுல ஆளு கேட்டாங்க. காத்தால ரைட்டரு டீ குடிக்க வருவாரு.”

காலையில் ரைட்டர் வந்தார். வேலைக்கு ஆள் எடுப்பதும் பேர் எழுதுவதும் அவர்தான். என்னை மேலும் கீழும் பார்த்தார். நெஞ்சில் ஊற்றிய நீலச் சாயம் கழுத்தோரம் இன்னும் போகவில்லை.

“என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“ஷூட்டிங்ல நடந்துட்டு இருந்தேனுங்க.”

அவர் நம்பவில்லை. ஆனாலும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்தில் மூங்கில் ஏணியைக் கொடுத்து, இடுப்பில் கட்டச் சாக்குப் பையும் கொடுத்தார். ஏறுவதற்கு முன்னால், “வேல எப்பங்க முடியும்?” என்று கேட்டேன்.

“ஏனுங்க, வந்ததுமே முடியறதக் கேக்கறீங்க?”

“முன்னாடியே தெரிஞ்சிக்கிடணுமுங்க.”

அவர் சரிவைக் காட்டினார். கொடி சுற்றிய மரங்கள் கீழே ஓடைவரை நின்றன. “அந்தக் கடைசி மரத்துல மொளகு தீந்தா வேல தீந்துச்சுங்க. தெரியுதில்ல?”

தெரிந்தது. எண்ணினால் எண்ணிவிடலாம். ஏணியை முதல் மரத்தில் சாய்த்து, அசைகிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினேன்.