ஆட்டோ ஓடாத வருஷம்

பதுளை பஸாரில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில் நேற்றுப் பலாக்காயைப் பார்த்தேன். தோல் சீவி, துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, 'இயற்கை உணவு' என்று பச்சை எழுத்தில் ஒரு தாளும் ஒட்டியிருந்தார்கள். அடப்பாவிகளா, பலாக்காய் எப்போது செயற்கையாக இருந்தது? திட்டிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். என் வாய் திட்டும், கை வாங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து மஞ்சளும் உப்பும் போட்டு காஸ் அடுப்பில் வேகவைத்தேன். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. வாசனையில் ஏதோ ஒன்று குறைந்தது. கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது, புகை இல்லை. மிலாறுப் புகை. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைச் செடியின் காய்ந்த கொப்புக்குத் தோட்டத்தில் அந்தப் பெயர். எரித்தால் கண் கரிக்கும், சேலை நாறும், தலை முழுகினாலும் முடியை விட்டுப் போகாது. அந்த நாற்றத்துக்குப் போய் என் மூக்கு ஏங்கியதென்றால் பாருங்களேன்.

நாட்டில் பெட்ரோலும் காஸும் பால்மாவும் இல்லாமல் போன வருஷம் உங்களுக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் ஊர் என்னை அடிக்க வரும். வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்களை நானே தாங்கிப் பிடித்திருக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை பாலுக்கு அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டியவர். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் இருட்டித்தான் இறங்குவார். மீன் வைத்த மாலு பாணும், சீனி தூக்கலாகப் போட்ட பால் தேத்தண்ணியுமே அவருக்குச் சாப்பாடு. சீனி வருத்தம் வந்தது, பாதம் மரத்துப்போனது. இப்படியே போனால் காலை வெட்டி எடுக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். இவர் வெளியே வந்ததும், "புள்ள, பசிக்குது. ஒரு பன் சாப்புடுவோமா?" என்றார். அந்த மனுஷனை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒன்று சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் பெட்ரோல் நின்றது. ஆட்டோவைப் படங்கு போட்டு மூடினோம். பூனை அதற்குள் புகுந்து குட்டி போட்டது. பிறகு காஸும் முடிந்தது. பக்கத்து வீட்டு சரீனா ராத்தா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எங்கட வீட்லயும் காஸ் முடிஞ்சி. ஒங்கட அடுப்புல எங்கட சட்டியையும் வைக்க ஏலுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு சட்டி எதுக்கு ராத்தா? ஒரே சட்டியா வைப்போம்" என்றேன்.

பின்வளவில் மூன்று கல் வைத்தோம். ராத்தா ஹலால் இறைச்சிதான் சாப்பிடுவார், ஆனால் இறைச்சி வாங்கவே இரண்டு வீட்டிலும் வழியில்லை, அதனால் ஒரே சட்டியில் சமைப்பதில் ஒரு சிக்கலும் வரவில்லை. விறகும் பலாக்காயும் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீட்டில் இருக்கும் என் தம்பி தருவான். போய் எடுத்துவர ஆள் வேண்டும். பஸ் கிடையாது.

"நானா? நடந்தா?" என்றார் இவர், சந்திக் கடைக்கே ஆட்டோவில் போகிறவர்.

"பின்ன, நான் போயி தூக்கிட்டு வரவா?"

போனார். செருப்பு வேண்டாம் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்ததால் பழைய கேன்வாஸ் சப்பாத்தைத் தைத்துக் கொடுத்தேன். ரெயில் பாதை ஓரமாகவே நடந்து, பனி விலகாத நேரத்தில் போய், வெயில் சாயும்போது தலையில் மிலாறுக் கட்டும் கையில் பலாக்காயுமாக வருவார். இதைக் கேளுங்கள், வளைவு வந்தால் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டித்தான் திரும்புவாராம். பார்த்தவர்கள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்குப் படியேறித்தான் வர வேண்டும். கடைசிப் படிக்குக் கீழே நின்று வாயாலேயே "பாம் பாம்" என்று ஹோர்ன் அடிப்பார். நான் போய்க் கட்டை இறக்குவேன். பிறகு அவரை உட்கார வைத்து, கால் கழுவி, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், எங்கேயாவது கீறியிருக்கிறதா என்று. கூச்சத்தில் சிரிப்பார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

பலாக்காய்க்குத் தேங்காய்ப்பூவும் இடித்த சம்பலும். இல்லையென்றால் குரக்கன் மா ரொட்டி. அரிசிச் சாக்கில் மண் நிரப்பி வல்லாரை வைத்தோம், அது கிள்ளக் கிள்ள வந்தது. பாலில்லாத சாயத்தண்ணிக்குக் கித்துள் கருப்பட்டியில் ஒரு கடி, அதையும் ராத்தா முறைப்பார். மூவரும் புகையில் கண் கலங்க அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். நமுனுகுல மலை மெல்ல மெல்ல இருட்டுக்குள் போகும். நேரம் போனதே தெரியாது. நானும் மெலிந்தேன், அதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் டாக்டர் வியந்துபோய், "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"பெட்ரோல் இல்லைங்க" என்றார் இவர்.

பிறகு பெட்ரோல் வந்துவிட்டது. ஊரே கொண்டாடியது, நாங்களும்தான். பூனையை விரட்டி, ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைத்து, முதல் சவாரியாக ராத்தாவை ஏற்றிக்கொண்டு பஸாரைச் சுற்றினோம். இவர் மறுபடி சீட்டில் உட்கார்ந்தார். பன்னும் வந்தது, பால் தேத்தண்ணியும் வந்தது. சாயங்காலம் கால் கழுவிப் பார்க்க அவருக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை. குதிகாலில் வெடித்த சின்னப் புண் வலிக்கவே இல்லையாம். எனக்குத் தெரியவந்தபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். உயிர் தங்கியது.

ஆட்டோவை விற்றுவிட்டோம். ராத்தா மகளோடு பண்டாரவளைக்குப் போய்விட்டார். மூன்று கல் இருந்த இடத்தில் காஸ் சிலிண்டர் நிற்கிறது.

நேற்று வெந்த பலாக்காயைத் தட்டில் போட்டு வாசலுக்குக் கொண்டுபோனேன். நாற்காலியில் இருந்தவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்தார். "பொக வாசம் இல்லையே, புள்ள" என்றார்.

"மிலாறுக்கு எங்கங்க போறது?" என்றேன்.

"அதுக்கென்ன, நான் போயி எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு நினைவு வந்து உட்கார்ந்துகொண்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரமானால் என் காது தானாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடும். மனுஷன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறார். இருந்தும் அந்தக் கேன்வாஸ் சப்பாத்து படியேறி வரும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.