குறுக்கே கிடந்த இரண்டு வயர்கள்

நவராத்திரிக்கு ஐந்து வாரங்களுக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை, நான் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினேன். வீடு இணுவிலில்; அலுவலகம் சாவகச்சேரியில், காணி விற்பனைகளைச் சட்டப்படி எழுதி உறுதிப்படுத்தும் ஒரு நொத்தாரிசினுடையது. காணி உறுதிப் பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிற ஒருத்தியால் அது முடியாது.

அலுவலகத்துச் சேர்வரில் அதற்கு ஒரு வசதி இருந்தது. வெளியிலிருந்து வருகிற இணைப்பை ஆளறிந்து உள்ளே விட்டு, சேரவேண்டிய இடத்துக்கு வழிகாட்டிவிடும். யாரும் அதைத் தொட்டதில்லை. கையேட்டை மூன்று தடவை வாசித்து நானே அமைத்தேன். நொத்தாரிசு அரைமனதுடன்தான் சம்மதித்தார்.

"விஜயதசமி வரைக்கும் பாப்பம். ஒருநாள் பிசகினாலும் நீர் பழையபடி இஞ்சை வரவேணும்."

வரமுடியாது என்பது இருவருக்கும் தெரியும். பிசகினால் வேலை போய்விடும்.

அன்றிலிருந்து ஒரு கொப்பியில் இரண்டு நிரல்கள் எழுதினேன். ஒன்றில் இணைப்புக் கிடைத்த நேரமும் அறுந்த நேரமும். மற்றதில் கணவரைப் புரட்டிய நேரம், எந்தப் பக்கம் என்பது. நான் வாசித்த நாவல்களில் நோயாளிகள் ஜன்னலைப் பார்த்தபடி கிடப்பார்கள். இவர் என் கணினித் திரையைப் பார்த்தபடி கிடந்தார்.

சரஸ்வதி பூசைக்கு அலுவலகத்தில் உறுதிக் கட்டுகளோடு சேர்வரையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் வைத்து, படத்துக்கு முன்னால் வைப்பார்கள். விஜயதசமி காலையில் எடுத்து மறுபடி இயக்குவார்கள். இம்முறை அன்று பத்து மணிக்கு ஒரு உறுதி முடிக்க இருந்தது. காணியை விற்பவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். மத்தியானம் விமானத்துக்காகக் கொழும்புக்குப் புறப்படுகிறவர்.

எட்டரைக்கு இணைத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எட்டு நாற்பதுக்கும் இல்லை. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"லைற்றெல்லாம் எரியுது அக்கா. ஆனா இஞ்சையும் ஒரு உறுதியும் திறக்குதில்லை. நொத்தாரிசு சேர் அங்கையும் இஞ்சையும் உலாத்திறார்."

"துடைக்கேக்கை பின்னுக்கு வயர் கழட்டினனீரோ?"

"ஓம். ரெண்டும் கழட்டினனான். பிறகு கொழுவிப்போட்டன்."

"எது எதிலை இருந்தது?"

"ரெண்டு ஓட்டையும் ஒரேமாதிரித்தானே அக்கா. முந்தி ஒண்டுக்கு மேலை ஒண்டு குறுக்கை கிடந்தது. சாமிக்கு முன்னாலை வடிவில்லை எண்டு நேராக்கிவிட்டன்."

நேராக்கும்போது அவள் வயர்களை ஓட்டை மாற்றிக் கொழுவியிருக்கிறாள். அந்த இரண்டில் ஒன்று வெளி இணையத்துக்கு, மற்றது அலுவலகத்துக் கணினிகளுக்கு. எது வெளி, எது உள் என்று சேர்வருக்கு நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அது இன்னும் அதையே நம்பிக்கொண்டு வெளியாளை உள்ளேயும் உள்ளாளை வெளியேயும் தேடிக்கொண்டிருந்தது. புரட்டிய நேரத்தைக்கூட எழுதிவைக்கிற நான், அந்த வயர்களில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டவில்லை.

"பழையபடி குறுக்கை போடும்."

"ஐயோ, நான் இனித் தொடமாட்டன். பிறகு முழுக்கப் பழுதாப் போனால்?"

"ஏற்கெனவே பழுதாத்தான் கிடக்கு, பிள்ளை. இனி என்ன பழுதாகக் கிடக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு தரம் 'கிளிக்' என்று கேட்டது. எனக்கு இணைப்புக் கிடைத்தபோது ஒன்பது பத்து. உறுதியைத் திறந்து காணியின் எல்லைகளைச் சரிபார்க்கத் தொடங்கினேன். நொத்தாரிசு அவளிடமிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"சரஸ்வதியே குழம்பிப் போயிருப்பா. சரி, அங்கையிருந்தே திருத்திப்போட்டீர். தை வரைக்கும் உப்பிடியே ஓடட்டும். பிறகு பாப்பம்."

"ஓம் சேர்" என்றேன். சந்தோசப்பட வேண்டிய இடம்தான். களைப்பு மட்டுமே இருந்தது.

எட்டரைக்குப் புரட்டவேண்டிய இவர் அப்படியே கிடந்தார். இடுப்பருகே தோல் சிவந்திருந்தது.

"என்னவாம்?" என்றார். நாக்கு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

"தை வரைக்கும் வீட்டிலை இருக்கலாமாம்."

"பிறகு?"

"அதைத் தையிலை கேளுங்கோ."

தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து அவரை இடப்பக்கம் புரட்டினேன். உறுதியில் இன்னும் இரண்டு பக்கங்கள் பார்க்கக் கிடந்தன.