உயிரோடு இருந்தவர்களை அளந்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து இன்று பதினாறாம் நாள். அவருக்காக எங்களோடு கூடியிருக்கும் உறவினரே, நண்பர்களே, இந்த நினைவு மலரைப் பயப்படாமல் கையில் வாங்குங்கள். அண்ணன் கடைப் பெயர் அச்சடித்த தாள் என்றால் கை தானாகப் பின்னால் போகும் ஊர் இது என்பது எனக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கடையில் தொலைபேசி எடுத்த தங்கை நான்.

அண்ணன் பிறந்தது மலாயாவில், கோலா கங்சாருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. பெட்டி செய்ய அங்கே ஆளில்லை. ரப்பர் ஷீட் அனுப்பும் பலகைகளை ஆணியடித்துச் சேர்த்து அதில் வைத்தார்கள். நீளம் போதாமல் அப்பாவின் காலை மடக்கித்தான் மூட முடிந்தது. அந்த ஆற்றாமை அண்ணனை விடவில்லை. ஈப்போவுக்கு வந்து ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், சவப்பெட்டி செய்யக் கற்றார். எழுபதுகளின் தொடக்கத்தில் அதே ஊரின் சிலிபின் பகுதியில் சொந்தக் கடை போட்டு என்னையும் அழைத்துக்கொண்டார். சவப்பெட்டிக் கடைக்காரருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அண்ணனும் யாரையும் கேட்கவில்லை.

கடை வைத்தால் ஊருக்குத் தெரிய வேண்டுமே. மற்ற வியாபாரிகள் செய்ததையே அண்ணனும் செய்தார். வாசலில் ‘நல்வரவு’ என்று எழுதினார். தீபாவளிக்கு முருகன் படம் போட்ட நாள்காட்டி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார். சவப்பெட்டிக் கடை நாள்காட்டியை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? முருகனை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டு எங்கள் பெயரைச் சாக்கடையில் போட்டார்கள். அன்று நான் அழுதேன். இப்போது சிரிப்பு வருகிறது.

அதன் பிறகு அண்ணன் ஒரு மாதம் யோசித்தார். ‘நல்வரவு’ அழிந்தது. நம் கடை தானாக வாய் திறக்கக் கூடாது, கூப்பிட்டவருக்குத் தெளிவாகப் பதில் சொன்னால் போதும் என்று முடிவெடுத்தார். வண்டி சாவு வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நிற்கும். கல்யாண வீடுகளுக்கு மொய் மட்டும் போகும், நாங்கள் போகமாட்டோம். தொலைபேசியில் நான் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: பேசுவது யார், தவறியது யார், மூச்சு நின்றதைப் பார்த்தது யார். உயிர் போகுமுன் எந்த வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் மேலான விதி.

“நாம முன்னாலயே போனோம்னு ஒரு தடவை பேச்சு கிளம்பிச்சுன்னா, கடைய மூட வேண்டியதுதான்லா,” என்பார்.

சில ஆண்டுகளில் ஊர் எங்களை நம்பத் தொடங்கியது. அப்போதுதான், ஒரு பிற்பகலில், அந்த அழைப்பு வந்தது. வயதான பெண் குரல்.

“யாருங்க பேசுறது?”

“பொன்னம்மா.”

“தவறினது யாருங்க?”

“பொன்னம்மா.”

மூன்றாவது கேள்வியை எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை. “மூச்சு நின்னத யாரு பார்த்தாங்க?”

“இன்னும் நிக்கலம்மா. நின்னா பார்க்கத்தான் இங்க ஆளு இல்ல. அதான் இப்பவே சொல்றேன்.”

ரிசீவரை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அவர் நெடுநேரம் கேட்டார். துண்டாடி விற்கப்பட்ட ஒரு தோட்டத்தில், எல்லோரும் வெளியேறிய தொழிலாளர் லயத்தில், அந்த அம்மா தனியாக இருந்தார். சாலையோர மளிகைக் கடைக்கு நடந்து வந்து பேசியிருக்கிறார்.

“போகாதீங்கண்ணே. நீங்க வச்ச விதிதானே?” என்றேன்.

“பொம்பள ஆளு. நீயும் வா,” என்றார்.

எங்களிடம் வேறு வண்டி இல்லை. சவ வண்டியிலேயே போனோம். லயத்தில் கதவுகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வரிசையாக வீடுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒரு நாய்கூட இல்லை. கடைசி வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது, பிணத்தின் தலைமாட்டில் வைப்பதைப் போல. பொன்னம்மா குளித்து, தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாயின் மேல் கோடித் துணி, நெற்றிக் காசு, ஒரு தம்ளரில் வாய்க்கரிசி. பக்கத்திலேயே எங்களுக்கு மூடி வைத்த காப்பி. எனக்கு அதைத் தொடவே பயம். அண்ணன் மடக் மடக்கென்று குடித்தார்.

“அளந்துக்கப்பா. என் தங்கச்சிய குட்டைப் பெட்டியில போட்டு அமுக்கினாங்க. எனக்கு அது வேணாம்,” என்றார் பொன்னம்மா.

அண்ணன் முகம் மாறியது. உயிரோடு இருப்பவரைக் கயிற்றால் அளக்கக் கூடாது என்பது நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். பொன்னம்மா பாயில் நீட்டிப் படுத்து, கைகளை மார்பில் சேர்த்து, கண்ணை மூடினார். அண்ணன் உச்சியிலிருந்து குதிகால்வரை கயிறு பிடித்து முடிச்சுப் போட்டார். அந்த அம்மா கண் திறக்கும்வரை அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை மளிகைக் கடைத் தவுக்கே கூப்பிட்டுச் செய்தி சொன்னார். அளந்த பெட்டியில் அந்த அம்மா சரியாகப் படுத்திருந்தார்.

பொன்னம்மா தன்னை அளந்ததை மளிகைக் கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்பே சிலிபினுக்கு வந்துவிட்டது. அவன் கயிறு போட்டால் மூணாம் நாள் ஆள் இருக்காது என்றார்கள். பாசார் சந்தையில் அண்ணனைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்தார்கள். முடிதிருத்துபவர்கூட, “அண்ணே, கயிறு பையில இல்லையே?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார். இரண்டு மாதம் தொலைபேசி மணி அடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே இரவில் கயிறு கனவில் வந்தது. இனி எந்த வீட்டுக்கும் உங்களோடு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“செத்த பிறகுதான் போனோம்னு சொல்லிடலாம்ண்ணே. கடையாவது பிழைக்கும்,” என்று கெஞ்சினேன்.

“அப்படிச் சொன்னா, அந்தம்மா உயிரோட இருந்தப்ப ஒருத்தருமே போகலைன்னு ஆயிடும்,” என்றார்.

கடையை மூட நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தியவானிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். “கயிறு வச்சிருக்கிற தம்பி கடைதானே? நானும் தனியாத்தான் இருக்கேன்,” என்றார். எங்களை அழித்த பேச்சே அவரை எங்களிடம் கொண்டுவந்தது. அடுத்த வாரம் அண்ணன் கடைப் பலகையில் ஒரே வரி எழுதினார்: ‘தனியாக இருப்பவர்கள் முன்னதாகவே கூப்பிடலாம்.’ படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் புரியாதவர் எவரும் இல்லை. ஆளற்ற லயங்களிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

அவரவர் கயிறு, பெயர்ச் சீட்டோடு, கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். காற்றாடி சுற்றினால் எல்லாம் அசையும். அண்ணன் மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வருவார், ரொட்டியும் மைலோ பானத் தூளும் வாங்கிக்கொண்டு. ஒரு பாட்டனார் அளந்த பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தார். கூன் விழுந்து குறுகிக்கொண்டே வந்ததால் மூன்று முறை அளக்க வேண்டியதாயிற்று. “ஒன் கயிறு ராசி இல்லாத கயிறுலா,” என்று அண்ணனைத் திட்டுவார்.

சர்க்கரை வியாதியான இனிப்பு நீர் அண்ணனின் காலைத் தின்றது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே அழைத்து வந்தோம். “இன்னும் நாலு பேரு இருக்காங்க. யாரு போறது?” என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் அவர் போய்விட்டார். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேனே என்பது எனக்கு ஆறாத வேதனை.

அண்ணனுக்குத் தன் கையாலேயே பெட்டி செய்து தந்த, தொழில் சொல்லிக்கொடுத்த பழைய தவுக்கேவுக்கும், புண்ணைக் கழுவிக் கட்டிய தாதியருக்கும், பயத்தை விட்டுவிட்டு வாசலுக்கு வந்த சிலிபின் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் சித்தியவான் பெரியவர் கூப்பிட்டார்.

“தம்பி போயிட்டாராமே. என் கயிறு எங்கம்மா?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“அப்ப இனிமே யாரு வருவா?”

“நான் வாரேன் ஐயா,” என்றேன்.

அவர் சொன்னார்: “வாம்மா. ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல.”